கணித மேதை ராமாநுஜனாரின் இரு முதலாண்டுகள்

வருஷந்தோறும் கலாசாலைகள் திறக்குங் காலத்தில் நம் சமூகத்துப் பிள்ளைகள் பலர் முதன்முறையாகப் பெட்டியும் படுக்கையுமாக ஊரை விட்டுப் புறப்படுகின்றனர். பெரியோரை வணங்கி, தாயார் கட்டிக்கொடுத்த பலகாரப் பொட்டலத்தைக் கையிலெடுத்துக்கொண்டு அவர்கள் வண்டியேறும்போது, இடம் கிடைத்துவிட்டது, இனி அவன் பாடு என்று பெற்றோர் மனம் ஆறுகின்றனர். பள்ளிக்கூடத்தில் முதன்மையாக நின்ற பிள்ளை, கலாசாலையின் முதலாண்டிலேயே தடுக்கி விழுவதை நாம் அங்கங்கே கண்டு வருகிறோம். விழுந்தவனைப் படிப்பு ஏறாதவன் என்றும், கர்வம் பிடித்தவன் என்றும், பட்டணத்துக் காற்றுப் பட்டுக் கெட்டவன் என்றும் உலகம் எளிதிற் சொல்லிவிடுகிறது. அச்சொல் எவ்வளவு பிழைபடக்கூடியது என்பதற்குக் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜனாரின் சரித்திரம் ஒன்றே போதிய சான்றாகும். அன்னார் எக்குலத்தினர் என்பது ஈண்டு வேண்டுவதன்று. அவர் பட்ட இடர் எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் படுவது.

ராமாநுஜனார் கலாசாலை முதலாண்டு என்பதை இருமுறை கண்டவர். 1904ஆம் வருஷத்தில், பதினாறு வயதில், கும்பகோணத்தில் ஒருமுறை. 1914ஆம் வருஷத்தில், இருபத்தாறு வயதில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் மற்றொரு முறை. முன்னதில் அவர் வீழ்ந்தார், பின்னதில் எழுந்தார். சொந்த ஊரில், தாய் சமைத்த உணவை உண்டு, தாய்மொழி பேசுவோர் நடுவே இருந்தபோது வீழ்ந்தவர், கடல் கடந்து, குளிரிலும் தனிமையிலும் எழுந்தது எவ்வாறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ராமாநுஜனார் 1887ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 22ஆம் தேதி ஈரோட்டில் தம் தாயாரின் பிறந்தகத்தில் தோன்றினார். தந்தையார் ஸ்ரீநிவாஸ ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் குமாஸ்தாவாக இருந்தவர். மாதச் சம்பளம் சுமார் இருபது ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் மன உறுதி மிக்கவர். சாரங்கபாணி சந்நிதித் தெருவிலிருந்த சிறு வீட்டில் கலாசாலை மாணாக்கர் சிலருக்கு இடமும் உணவும் அளித்து அக்குடும்பத்தார் வரும்படியைச் சற்றே பெருக்கிக் கொண்டனர். 1897ஆம் வருஷத்தில் நடந்த ஆரம்பப் பரீக்ஷையில் தஞ்சை ஜில்லா முழுவதிலும் முதல்வராகத் தேறிய இச்சிறுவர், அடுத்த வருஷம் நகர உயர்தரப் பள்ளியிற் சேர்ந்தார். வீட்டில் தங்கியிருந்த கலாசாலை மாணாக்கரின் கணித அறிவு முழுவதையும் விரைவில் கற்றுத் தீர்த்தார். லோனி என்பார் இயற்றிய திரிகோணமிதி நூலை இரவல் வாங்கி ஒருவர் துணையுமின்றிப் பயின்றார்.

அப்பள்ளியில் அவரை அறியாதார் இலர். சுமார் 1,200 மாணாக்கரை முப்பதுக்கு மேற்பட்ட ஆசிரியருக்குப் பங்கிட்டுக் கால அட்டவணை வகுக்கும் பெருங்கணக்கை அப்பள்ளியின் கணித ஆசிரியர் இவரிடமே ஒப்புவித்தார் என்பர். பள்ளியை விட்டு நீங்கும்போது, 1904ஆம் வருஷத்தில், கணிதத்திற்குரிய ரங்கநாத ராவ் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மதிப்பெண்ணுக்கு மேலும் கொடுக்க இயலுமாயின் அதற்கும் இப்பிள்ளை உரியவன் என்னுங் கருத்துப்படச் சபையோர்க்கு அறிமுகம் செய்தனராம்.

இவ்வளவு புகழுக்கு நடுவே, பின்னர் வரப்போகும் இடருக்கு வித்தும் ஊன்றப்பட்டிருந்தது. 1903ஆம் வருஷத்தில் நண்பர் ஒருவர் வாயிலாக, கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதத் தொகுப்பு நூல் அவர் கைக்குக் கிட்டியது. ஆயிரக்கணக்கான கணித முடிபுகள், நிரூபணம் அதிகமின்றி, வரிசையாக அடுக்கப்பட்ட நூல் அது. ஒவ்வொரு முடிபையும் தாமே நிறுவிப் பார்ப்பதும், அதனினின்று புதியன காண்பதும் அவருக்கு உண்டியினும் உறக்கத்தினும் இனியவாயின. மற்றைப் பாடங்களில் இருந்த விருப்பம் நாளுக்கு நாள் தேய்ந்தது. இம்மாற்றத்தைப் பெற்றோரும் ஆசிரியரும் கவனித்திருக்கக்கூடும். ஆயின் பரிசு பெறும் பிள்ளையைப் பற்றி எவருக்குக் கவலை தோன்றும்?

கும்பகோணம் அரசாங்கக் கலாசாலை அக்காலத்தில் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று புகழப்பட்டது. காவிரியின் மறுகரையில் அமைந்த அக்கலாசாலைக்கு மாணாக்கர் நீர் உள்ள காலத்தில் ஓடத்திலும், வற்றிய காலத்தில் மணலில் நடந்தும் போய் வந்தனர். ராமாநுஜனார் உபகாரச் சம்பளம் பெற்று எப்.ஏ. முதல் வகுப்பிற் சேர்ந்தார். கணிதத்தோடு ஆங்கிலம், சமஸ்கிருதம், தேகதத்துவ சாஸ்திரம், கிரேக்க ரோமானிய சரித்திரம் ஆகிய யாவும் அங்கே கட்டாயப் பாடங்கள். பள்ளியில் ஆசிரியர் ஒவ்வொரு நாளும் பாடங் கேட்பர். கேளாதவனை எழுப்பி நிறுத்துவர். கலாசாலையிலோ பேராசிரியர் விரிவுரையாற்றுவார். கேட்பவன் கேட்கலாம், கேளாதவன் தன் எண்ணத்தில் ஆழ்ந்திருக்கலாம். ரோமாபுரியின் சரித்திரம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, ராமாநுஜனார் தம் குறிப்புப் புத்தகத்தில் கணக்குகளோடு உறவாடிக் கொண்டிருந்தார். தடுப்பாரும் இல்லை, தனியே அழைத்து வினவுவாரும் இல்லை.

பரீக்ஷை வந்தது. ஆங்கிலக் கட்டுரையில் அவர் தவறினார். எப்.ஏ. மேல்வகுப்புக்கு ஏற்றம் கிடைக்கவில்லை; உபகாரச் சம்பளமும் போயிற்று. தாயார் கலாசாலைத் தலைவரிடம் நேரிற் சென்று, தம் மகனின் கணித ஆற்றலை எடுத்துரைத்து மன்றாடினார். தலைவர் மரியாதையுடன் கேட்டுக்கொண்டாராயினும் விதியைத் தளர்த்த அவரால் இயலவில்லை. கலாசாலைக் கட்டணமோ தவணையொன்றுக்கு 32 ரூபாய். தந்தையாரின் ஒன்றரை மாதச் சம்பளம் ஒரு தவணைக் கட்டணத்திற்குள் அடங்கிவிடும் என்றால், அவ்வில்லத்தில் அன்று நிலவிய கலக்கத்தை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சில மாதம் ராமாநுஜனார் பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்புக்குச் சென்று வந்தார். 1905ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், வீட்டாரிடம் ஒன்றும் கூறாமல், ரயிலேறி விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பெற்றோர் தேடாத இடமில்லை. செப்டம்பர் மாதம் 2ஆம் தேதி ஹிந்து பத்திரிகையில், காணாமற்போன இப்பிள்ளையைப் பற்றிய அறிவிப்பு வெளிவந்தது. அவர் திரும்பி வந்தபோது வருகைக் கணக்குக் குறைந்துபோனமையால் அவ்வருஷத்து நற்சான்றும் கிட்டவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று ஆலோசித்தல் தகும். கும்பகோணத்தார் அவருக்குத் தீங்கிழைத்தார் என்று சொல்லுதல் நியாயமன்று. ஆசிரியர் தம் பாடத்தை நடத்தினர்; தலைவர் தம் விதியைக் காத்தனர்; தாயார் தம்மால் இயன்றதைச் செய்தனர். ஆயினும், ஆங்கிலத்தில் அவர் பின்தங்குகிறார் என்பது பரீக்ஷைக்கு முன்னரே ஒருவர் கண்ணிற் பட்டு, வாரத்துக்கு இரண்டு மாலைகள் அவரோடு அமர்ந்து கட்டுரை எழுதச் செய்திருந்தால், உபகாரச் சம்பளம் நிலைத்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. தாயார் தலைவரைக் கண்டது பரீக்ஷை முடிந்த பின்னர். அதற்கு முன் சென்றிருந்தால் விதி குறுக்கே நின்றிராது.

1906ஆம் வருஷத்தில் அவர் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கலாசாலையில் மீண்டும் எப்.ஏ. வகுப்பிற் சேர்ந்தார். ஜார்ஜ் டவுனில் பாட்டியார் வீட்டில் வாசம். இங்கே அவருக்கு நல்லோர் துணை இல்லாமற் போகவில்லை. கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் இவருடைய திறமையை வியந்து, கணிதப் பத்திரிகைகளில் வெளிவரும் கடினமான வினாக்களை இவரோடு அமர்ந்து விடுவிப்பாராம். ஆனால், அத்துணை முழுவதும் அவர் ஏற்கெனவே வல்லவராயிருந்த துறைக்கே கிடைத்தது. தேகதத்துவ சாஸ்திரம் அவருக்கு எட்டிக்காயாகவே இருந்தது. பிராணிகளை அறுத்துப் பார்ப்பது அவர் மனத்திற்கு ஒவ்வாததாயிற்று. இடையே வயிற்றுக்கடுப்பு நோய் கண்டு ஊருக்குத் திரும்பி மூன்று மாதம் வகுப்பை இழந்தார். 1906ஆம் வருஷ இறுதியில் பரீக்ஷை எழுதித் தவறினார். 1907ஆம் வருஷத்தில் தனியாக எழுதி மீண்டும் தவறினார். அத்துடன் கலாசாலை வாசல் அவருக்கு அடைபட்டது.

பின் வந்த வருஷங்கள் வறுமையின் வருஷங்கள். காகிதம் வாங்கப் பொருளில்லாமல் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிபை மட்டும் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தார். 1909ஆம் வருஷத்தில் ஜானகியம்மாளை மணந்தார். பிழைப்புத் தேடி 1910ஆம் வருஷத்தில் திருக்கோவிலூருக்குச் சென்று, அங்கே டிப்டி கலெக்டராயிருந்த வி. ராமசாமி ஐயரிடம் ஒரு குமாஸ்தா வேலை வேண்டினார். இந்தியக் கணித சங்கத்தை 1907ஆம் வருஷத்தில் நிறுவியவர் அவர். குறிப்புப் புத்தகங்களைக் கண்ட அப்பெரியார், இவ்வறிவைக் கச்சேரிக் காகிதத்தில் புதைக்க மனமின்றி, சென்னையிலுள்ள நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். கும்பகோணத்தில் முன்பு அவரை அறிந்திருந்த பேராசிரியர் சேஷு ஐயர் வாயிலாக, நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் அவர்களின் பழக்கம் ஏற்பட்டது. ராவ் அவர்கள் முதலில் ஐயுற்றுப் பின்னர்த் தெளிந்து, மாதம் 25 ரூபாய் தம் கையினின்றும் கொடுத்து வந்தார். 1912ஆம் வருஷம் மார்ச்சு மாதம் முதல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் முப்பது ரூபாய் சம்பளத்தில் ராமாநுஜனார் குமாஸ்தாவானார். அங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் மாலை வேளைகளில் கற்பலகை ஏந்தி அவரோடு அமர்ந்தார். 1913ஆம் வருஷம் ஜனவரி மாதம் 16ஆம் தேதி அவர் கேம்பிரிட்ஜ் ஹார்டி என்னும் பேரறிஞருக்கு எழுதிய கடிதம் அவர் வாழ்வை மாற்றியது. அவ்வருஷம் மே மாதம் முதல், பட்டம் ஒன்றும் பெறாத அவருக்குச் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் வழங்கிற்று. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தளராத விதி, இப்பொழுது பலர் கூடி முயன்றமையால் வழிவிட்டது.

இனி அவருடைய இரண்டாவது முதலாண்டைக் காண்போம். 1914ஆம் வருஷத் தொடக்கத்தில் நெவில் என்னும் இளம் கணிதப் பேராசிரியர் விரிவுரை நிகழ்த்தச் சென்னைக்கு வந்தார். ராமாநுஜனாரை எப்படியேனும் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துவர வேண்டுமென்பது ஹார்டியின் கட்டளை. நெவில் அவரோடு பழகி, அவர் மனத்திலிருந்த அச்சங்களை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து நீக்கினார். செலவைப் பற்றியும், ஆங்கில அறிவு போதுமா என்பதைப் பற்றியும், மாமிசம் உண்ணாமல் வாழ இயலுமா என்பதைப் பற்றியும், மீண்டும் பரீக்ஷை எழுத நேருமா என்பதைப் பற்றியும் அவ்வச்சங்கள் இருந்தன. கும்பகோணத்தில் ஒருவரும் கேளாத கேள்விகள் இவை. சர்வகலாசாலையார் வருஷத்துக்கு 250 பவுன் அளிக்க இசைந்தனர். அதில் ஒரு பகுதி பெற்றோருக்குப் போய்ச் சேர ஏற்பாடாயிற்று. ஆகவே வீட்டை எண்ணி வருந்தும் காரணங்களில் ஒன்று முன்னரே குறைந்தது. சீமை உடை உடுக்கவும் முள்ளும் கத்தியும் பிடித்து உண்ணவும் சென்னையிலேயே பழக்கினர். மார்ச்சு மாதம் 17ஆம் தேதி நெவாஸா என்னும் கப்பலில் அவர் புறப்பட்டார்.

ஏப்ரல் மாதம் 14ஆம் தேதி லண்டன் துறையில் இறங்கியபோது நெவில் தாமே வந்து எதிர்கொண்டார். இந்திய மாணாக்கரை வரவேற்பதற்கென்று குரோம்வெல் சாலையில் ஏற்பட்டிருந்த விடுதியில் சில நாள் தங்கவைத்துப் பின்னர்க் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துச் சென்றார். உடனே கலாசாலை அறையில் தனியே விட்டுவிடவில்லை. முதற் சில வாரங்கள் நெவிலும் அவர் மனைவியாரும் தம் இல்லத்திலேயே வைத்துப் போற்றினர். ஊரும் வழக்கமும் ஓரளவு பழகிய பின்னரே ஜூன் மாதத்தில் டிரினிடி கலாசாலை அறைக்கு மாறினார்.

பாடம் சொல்லும் முறையிலும் ஓர் அருமை காணப்பட்டது. ராமாநுஜனாரின் கணிதத்தில் வானளாவிய உயரங்கள் இருந்தன. சிறு பிள்ளையும் அறிந்த சில அடிப்படைகள் இல்லாமலும் இருந்தன. நிரூபணம் என்பது இன்னதென்பதே அவருக்குத் தெளிவாகப் புலப்பட்டிருக்கவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து முறைப்படி கற்கச் சொன்னால் அவருடைய தன்னம்பிக்கை முறிந்து ஊற்றே வற்றிவிடுமோ என்று ஹார்டி அஞ்சினார். கற்பிக்காமல் விடுதலும் தகாதென்று கண்டார். ஆகவே வேண்டியவற்றை மட்டும், அவர் செய்து கொண்டிருக்கும் ஆராய்ச்சியின் ஊடே, நாடோறும் கலந்துரையாடிக் கற்பித்தார். லிட்டில்வுட் என்னும் மற்றோர் அறிஞரும் உதவினார். குறையை மறைக்கவுமில்லை, குறையைச் சொல்லிக் குன்றச் செய்யவுமில்லை. இதுவே ஆசிரியத் தொழிலின் நுட்பம் என்று நாம் கருதுகிறோம்.

ஆயினும், அங்கும் எல்லாம் நிறைவாக இருந்ததென்று கூறுதல் இயலாது. கேம்பிரிட்ஜில் பயின்ற வங்காள மாணாக்கர் மகலநோபிஸ் ஒருநாள் அவர் அறைக்குச் சென்றபோது, குளிர் தாங்கமாட்டாமல் மேற்சட்டையைப் போர்த்துக்கொண்டு அவர் உறங்கி வருவதை அறிந்தார். கட்டிலின்மீது கம்பளிகள் மெத்தையோடு மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை நீக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டுமென்று அவருக்கு எவரும் கூறியதில்லை. கணிதத்தில் உலகையே வியப்பித்தவர் கம்பளிக்கு மேலே படுத்துக் குளிரில் நடுங்கினார். சக மாணாக்கர் ஒருவர் எட்டிப் பார்த்ததனாலே அக்குறை தீர்ந்தது. உணவின் குறையோ தீரவில்லை. அவர் மரக்கறி உணவைத் தாமே சமைத்து, மற்றவரோடு பந்தியிற் கலவாமல் தனியே உண்டார். ஆராய்ச்சியில் ஆழ்ந்தால் வேளை தவறும். 1914ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் மூண்ட பெரும்போரினால் காய்கறிகளும் அரிதாயின. நண்பர் பலர் போர்ப்பணிக்குச் சென்றனர். அறிவுக்கு உணவு நிறையக் கிடைத்த இடத்தில் உடலுக்கு உணவு குறைந்தது. 1917ஆம் வருஷத்தில் அவர் நோய்வாய்ப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமென்று பலர் கருதினர்.

ஆனால், இரண்டாவது முதலாண்டு தந்த பயனை எவரும் மறுக்க இயலாது. 12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 என்னும் ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் அத்தனை வகுஎண்கள் இல்லை. இத்தகைய எண்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட ஆராய்ச்சி 1915ஆம் வருஷத்தில் வெளிவந்தது. அதன் பொருட்டு 1916ஆம் வருஷம் மார்ச்சு மாதம் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்கு பி.ஏ. பட்டம் அளித்தது. எப்.ஏ. பரீக்ஷையிலே மீண்டும் மீண்டும் தவறியவர் பட்டதாரியானார். 1918ஆம் வருஷத்தில் ராயல் சொஸைட்டி அங்கத்தினராகவும், டிரினிடி கலாசாலையின் பெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1919ஆம் வருஷத்தில் நோயோடு தாய்நாடு திரும்பி, 1920ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 26ஆம் தேதி சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். அவருடைய பிறந்த நாள் 2012ஆம் வருஷம் முதல் தேசிய கணித தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அவர் இளமையில் மாண்டதைக் காட்டிலும், வழிகாட்டுவாரின்றி இளமையின் சிறந்த வருஷங்கள் வீணானதே பெரிய நஷ்டம் என்னுங் கருத்தை ஹார்டி பிற்காலத்தில் வெளியிட்டார். நம் பெற்றோர் இக்கருத்தைப் பன்முறை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

இச்சரித்திரத்தினின்றும் நாம் கொள்ளத்தக்கவை சில. முதலாவது, பிள்ளை எதிற் சிறந்தவன் என்பதை வினவிப் பெருமைப்படுவதோடு நில்லாமல், எதிற் குறைந்தவன் என்பதை முதற் பரீக்ஷைக்கு முன்னரே அன்போடு கேட்டறிதல். தமிழ்மொழிப் பள்ளியிற் பயின்று ஆங்கில விரிவுரையின் முன் திகைக்கும் பிள்ளைகள் இன்றும் நம்மிடையே பலர். இரண்டாவது, உபகாரச் சம்பளத்தின் நிபந்தனைகளையும் வருகைக் கணக்கின் விதிகளையும் சேர்ந்த அன்றே படித்து வைத்தல். நழுவிய பின் மன்றாடிப் பயனில்லை. மூன்றாவது, பிள்ளை தவறிவிட்டால் அவனை வெட்கத்தோடு தனியே விடாதிருத்தல். விசாகப்பட்டினத்து ரயிலில் அப்பதினேழு வயதுப் பிள்ளையை ஏற்றியது வெட்கமேயன்றி வேறென்ன? நான்காவது, உணவையும் உறக்கத்தையும் பற்றிக் கடிதத்திலோ தொலைபேசியிலோ தவறாமல் விசாரித்தல். ஐந்தாவது, மேல்வகுப்பு மாணாக்கர் புதியவரின் அறைக்குள் ஒருமுறையேனும் எட்டிப் பார்த்தல். எந்த அறையில் எவன் கம்பளிக்கு மேலே படுத்து நடுங்குகிறானோ, யாரறிவார்?

நம் சங்கத்தார் தகுதியுள்ள மாணாக்கருக்குப் பொருளுதவி செய்து வருவது யாவரும் அறிந்ததே. பொருளோடு ஆளும் வேண்டும் என்பது நம் விண்ணப்பம். கலாசாலை உள்ள ஒவ்வொரு நகரிலும் வசிக்கும் அங்கத்தினர் ஒருவர், அவ்வாண்டு அங்கே புதிதாகச் சேர்ந்த நம் பிள்ளைகளின் பெயர்களைப் பெற்று, மாதம் ஒருமுறை சென்று கண்டு, ஞாயிற்றுக்கிழமையில் தம் இல்லத்திற்கு அழைத்து ஒருவேளை உணவளித்து, படிப்பு எப்படி என்று கேட்பாராயின், அதனாற் கரையேறும் பிள்ளைகள் பலராவர். இதற்கு நிதி வேண்டுவதில்லை; ஒரு மாலைப்பொழுதும் சிறிது கரிசனமுமே வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் ராமாநுஜன்களாக ஆகமாட்டார்கள். ஆயினும் எந்தப் பிள்ளையும் முதலாண்டில் கேட்பாரற்று வீழ்தல் கூடாது. வரும் ஆனி மாதத்திற்குள் அங்கத்தினர்கள் தத்தம் ஊரில் இப்பணிக்கு முன்வருவார்களென்று நம்புகிறோம்.